எதிர்த்தவர் போக வேண்டும்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று என் மனைவிக்கு எதிராகக் கை தூக்கினேன். வீட்டில் அல்ல, இயக்கத்தின் மாவட்டக் குழுக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையில்.

எங்கள் கண்மாய் உரிமை இயக்கத்துக்கு இருபத்தாறு வயதாகிறது. கண்மாயில் மண் அள்ளாதே, கரையை ஆக்கிரமிக்காதே, மடைத் தண்ணீரைக் கடைசி வயல்வரை விடு. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பத்தொன்பது ஊர்களில் கிளை இருக்கிறது. தமயந்தி செயலாளர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் நான் குழு உறுப்பினர். கொடி தைப்பது, பேனருக்கு ஓரம் அடிப்பது, கூட்டத்துக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் பொறுப்பு. ஓட்டெடுப்பு வந்தால் எல்லோரும் தூக்கும்போது நானும் தூக்குவேன். இத்தனை வருஷமாக அதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. பெரிய கட்சிக்காரர்கள் எங்கள் தலைவர் சூசை அண்ணனிடம் வந்து பேசியிருக்கிறார்கள். மாவட்ட ஊராட்சியில் ஒரு வார்டை எங்களுக்கு விட்டுத் தருகிறார்களாம். தமயந்தி நிற்கலாம். ஜெயித்தால் கண்மாய் மண்ணுக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று உள்ளேயிருந்தே தீர்மானம் கொண்டுவரலாம். பதிலுக்கு, ஒன்றியத் தேர்தலில் அவர்களுடைய ஆளான கார்மேகத்துக்கு நாங்கள் மேடை ஏறி ஓட்டுக் கேட்க வேண்டும்.

கார்மேகம் வேறு யாருமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சேந்தங்குளம் கண்மாயைப் பனைமர ஆழத்துக்குத் தோண்டி லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனவர். லாரியை மறித்த ஏழு பேர் மேல், ஓட்டுநர்களை அடித்ததாகக் கேஸ் போட்டு உள்ளே வைத்தவரும் அவர்தான். கேஸ் இன்னும் நடக்கிறது. கூட்டணி அமைந்தால் அதை முடித்துக்கொள்கிறாராம்.

இயக்கம் தேர்தலில் நிற்காது என்பது எங்கள் முதல் விதி. மண் அள்ளியவனோடு மேடை ஏறாது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே மூச்சில் உடைக்கச் சொல்கிறார்கள்.

தமயந்தி எழுந்து பேசினாள். "இருபத்தாறு வருஷமா மனு எழுதி எழுதி என் கையெழுத்துதான் அழகாயிருக்கு. ஒரு கண்மாயாவது தப்பிச்சிருக்கா?" என்றாள். நான் எழுந்தேன். "செயலாளர் தோழர் அவர்களே, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நம் கொடியையும் கார்மேகத்தின் கொடியையும் ஒரே கம்பில் கட்டத் துணி தைக்க என்னால் முடியாது" என்றேன். அவளை நான் நீங்கள் என்று சொல்வது அந்த அறையில் மட்டும்தான்.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துத் தூக்கிய கைகள் நாலு. முதல் கை என்னுடையது.

முதல் கை தூக்கியதற்கு ஒரு தண்டனை உண்டு. தண்டனை என்று சொல்லக் கூடாது, வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு முடிவை எதிர்த்தவர்தான், அந்த முடிவால் அதிகம் நோகப்போகும் ஊருக்குப் போய் அதை விளக்க வேண்டும். ஆதரித்தவன் போனால் ஓட்டையை மறைத்துவிடுவான், எதிர்த்தவனுக்குத்தான் எல்லா ஓட்டையும் தெரியும் என்று இயக்கத்தைத் தொடங்கியவர்கள் வைத்த ஏற்பாடு. போகிறவர் "நான் எதிர்த்தேன்" என்று அங்கே வாய் திறக்கக் கூடாது. "நாம் முடிவெடுத்திருக்கிறோம்" என்றுதான் பேச வேண்டும். கிளை ஒப்புக்கொண்டால்தான் முடிவு செல்லும்.

"தோழர் நல்லமுத்து, நீங்கதான் சேந்தங்குளம் போகணும்" என்றார் சூசை அண்ணன். தமயந்தி தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 4, திங்கள்

செருப்பைக் கழற்றும் இடத்திலேயே இயக்கத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. கல்யாணமான புதிதில் அவள் போட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மூன்றாவதாக இயக்கத்தையும் உள்ளே விட்டால் உட்கார இடமிருக்காது என்றாள். அதனால் நேற்று நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு உயிர். கோபத்தில் வைத்தாளா, பிரியத்தில் வைத்தாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுக்கும் அவள் அதைத்தான் வைப்பாள்.

அவள் ஜெயித்தால் மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டம், ஆபீஸ் அலைச்சல் என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. என் கவலை கொள்கை ஒன்றுதான்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சும்மா ஞாபகம் வந்தது, எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

கடையில் நீலப் பருத்தித் துணி கொஞ்சம் மிச்சம் கிடந்தது. வீணாகிறதே என்று தமயந்திக்கு ஒரு ஜாக்கெட் வெட்டினேன். அளவு ஜாக்கெட் பார்க்கத் தேவையில்லை, என் கைக்கே அவள் அளவு தெரியும். மைக் பிடித்துக் கையை உயர்த்தினால் அக்குளில் இழுக்காதபடி தளர்த்தி வைத்தேன். உள்பக்கம் செல்போனுக்கு ஒரு பை.

எதற்கு மைக் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. துணி மிச்சம், அவ்வளவுதான்.

நவம்பர் 8, வெள்ளி

தீர்மான நகலைச் செயலாளர் எனக்குத் தர வேண்டும். காலையில் எனக்கு இட்லி வைத்தவள் செயலாளர்தான். ஆனால் வீட்டு விதி இருக்கிறதே! அவள் நகலைச் சூசை அண்ணன் வீட்டில் கொடுத்து, அவர் சைக்கிளை மிதித்துக் கடைக்கு வந்து என்னிடம் கொடுத்து, நான் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அதை அவர் மறுபடி அவளிடம் கொண்டுபோனார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்" என்றார் மனுஷன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சேந்தங்குளம் போய் வந்தேன்.

சிவப்புத் துணி வெட்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனேன். மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பினால் கார்மேகம் தோண்டிய குழி தண்ணீருக்குள் மறைந்துவிடும். எங்கே முழங்கால் ஆழம், எங்கே பனைமர ஆழம் என்று தெரியாது. அதனால் நீர் ஏறுவதற்கு முன்பே பெண்கள் குழியைச் சுற்றி மூங்கில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி வருஷா வருஷம் என் கடையிலிருந்துதான் போகும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம், தையல்காரர் வந்திருக்கிறார், அப்படியென்றால் இவர்தான் எதிர்த்திருக்கிறார் என்று சொல்வது காதில் விழுந்தது. அப்போதுதான் எங்கள் வழக்கத்தில் இருக்கிற கோணல் எனக்கு உறைத்தது. நான் வாயே திறக்கக் கூடாத விஷயம், நான் வந்து இறங்கியதிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

கரையில் கூடினோம். கிளைத் தலைவி சிவனம்மாள் அக்கா. கண்மாயின் கடைசி மடையில் அவர்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. மகன் வைரவன் கேஸில் மாட்டிய ஏழு பேரில் ஒருவன். நல்ல டிரைவர். வெளிநாட்டில் வேலைக்குக் கூப்பிட்டும் போக முடியவில்லை. கேஸ் இருப்பதால் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

"என்ன தம்பி, பொண்டாட்டியவே எதுத்துட்டு வந்திருக்கீக போல?" என்றார் அக்கா. பெண்கள் சிரித்தார்கள். அப்படியெல்லாம் சொல்ல விதி இடம் தராது என்றேன். "நீக சொல்ல வேணாம், நீக வந்ததே சொல்லிருச்சு" என்றார்.

நான் விளக்கினேன். எதையும் மறைக்கவில்லை. முதலில் நல்லதைச் சொன்னேன். கேஸ் முடியும், வைரவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும், நம் ஆள் ஒருவர் உள்ளே போனால் மண் அனுமதியைத் தடுக்க வழி உண்டு. பிறகு கெட்டதைச் சொன்னேன். கார்மேகத்தின் பக்கத்தில் நின்று கும்பிட்டு ஓட்டுக் கேட்க வேண்டும். நாளைக்கு அவர் மறுபடி தோண்டினால் நம் வாய் கட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் "நாம" என்றே சொன்னேன். சொல்லச் சொல்ல தமயந்தியின் வாதம் எனக்கே சரியாகப்பட ஆரம்பித்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வெகுநேரம் அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அக்கா சொன்னார். "கேச முடிக்கட்டும், சீட்டும் குடுக்கட்டும். மேடைகூட ஏறிக்கிறோம். அதுக்கு முன்னால அந்தாளு இந்தக் கரையில வந்து நின்னு, இந்தக் குழிய நாந்தான் வெட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். மன்னிப்புக்கூட வேணாம். எங்க புள்ளைக பொய் சொல்லலன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

வைரவன் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் கை தூக்கினார்கள். அவனும் தூக்கினான்.

பஸ்ஸுக்கு அக்கா கூடவே நடந்து வந்தார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார். "ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. கொள்கைக்காகக் கையத் தூக்குனீகளா, அவுக செயிச்சுப் போயிட்டா வீடு வெறிச்சுன்னு கெடக்குமேன்னு தூக்குனீகளா?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

சளி, காய்ச்சல். கடை திறக்கவில்லை. தமயந்தி மிளகு ரசம் வைத்து, முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். "சேந்தங்குளத்துல..." என்று ஆரம்பித்தவள் வீட்டு விதி ஞாபகம் வந்து, "மழையா?" என்று முடித்தாள். மழைதான் என்றேன்.

நவம்பர் 13, புதன்

அவசரக் கூட்டம். சேந்தங்குளத்தின் நிபந்தனையைச் சொன்னேன். தமயந்தியின் பேனா நின்றது. பிறகு, சரியான நிபந்தனை என்று மட்டும் சொன்னாள். கார்மேகத்திடம் சூசை அண்ணன் பேசி வருவதாக ஏற்பாடு.

நவம்பர் 14, வியாழன்

அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே தமயந்தி அடுப்பங்கரையில் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று எட்டிப் பார்த்தேன். குக்கரிடம். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்றாள். குக்கர் விசிலடித்தது. "நன்றி" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் கண்மாய்க்கு, கேஸுக்கு, ஊருக்கு என்று அவள் கேட்காத ஆள் இல்லை. தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்படுகிறாள். இதுகூடத் தெரியாமல் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

இன்னொரு ஜாக்கெட்டும் வெட்டினேன். சந்தன நிறம்.

நவம்பர் 16, சனி

கார்மேகத்தின் பதில் வந்துவிட்டது. கேஸை முடிக்கத் தயார், வார்டும் தயார். கரைக்கு வந்துகூட நிற்பாராம், சால்வைகூடப் போடுவாராம். அந்த ஒரு வார்த்தை மட்டும் முடியாது. செயலே கையில் இருக்கும்போது சொல் எதற்கு என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்களாம்.

நவம்பர் 17, ஞாயிறு

எனக்கு என்ன வந்தது என்று குழுவில் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அந்த வார்த்தை இல்லையென்றால் கூட்டணியும் இல்லை என்று தமயந்தியே தீர்மானம் கொண்டுவந்தாள். தன் வார்டைத் தானே வேண்டாமென்று எழுதி, நடுக்கமில்லாத குரலில் வாசித்தாள். அந்த அழகான கையெழுத்தில்தான் எழுதியிருந்தாள்.

நான் எழுந்து எதிர்த்தேன். நிபந்தனையை விட்டுவிடலாம் என்றேன். அன்றைக்கு ஒரே கம்பில் கொடி கட்ட முடியாது என்ற வாயா இது என்று ஒருவர் கேட்டார். இதே வாய்தான் என்றேன். அன்றைக்கு நான் வைரவனின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. அவன் கை தூக்கியபோது அந்தக் கை போன உயரம் எனக்குத் தெரியும், தோள்வரைதான் போனது. ஒரு சொல்லுக்காக ஏழு வீடு இன்னும் எத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

தமயந்தி என்னை நேராகப் பார்த்துப் பேசினாள். "தோழர், அவங்க வீம்புக்காகக் கேக்கல. யாருக்கு நஷ்டமோ அவங்களே யோசிச்சுக் கேட்டிருக்காங்க. அவங்க கேட்டதை நாம குறைச்சு விக்கிறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு?"

அதைக் கேட்ட பிறகும் கையைத் தூக்கியே வைத்திருந்தேன். இந்த முறை எதிர்த்தது நான் ஒருவன்தான்.

வைரவன் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அதைக் கூட்டத்தில் சொல்ல முடியாது. இங்கேயும் எழுத வேண்டாம்.

மறுபடி நான்தான் சேந்தங்குளம் போக வேண்டும். அவர்கள் போட்ட நிபந்தனையை நாங்கள் காப்பாற்றிவிட்டோம் என்று அவர்களுக்கே விளக்க வேண்டும். இப்படி ஒரு வேலை உலகத்தில் வேறு எந்தத் தையல்காரனுக்காவது வந்திருக்குமா?

நவம்பர் 18, திங்கள்

மறுபடி சுண்டைக்காய் வற்றல் குழம்பு.

நவம்பர் 20, புதன்

கண்மாய் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. தண்ணீருக்கு மேலே சிவப்புத் துணிகள் மட்டும் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தன.

இந்த முறை டீக்கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் எதை எதிர்த்திருப்பேன் என்று அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

கரையில் நின்று சொன்னேன். கார்மேகம் அந்த வார்த்தையைச் சொல்ல மறுத்துவிட்டார், அதனால் நாம் கூட்டணி வேண்டாமென்று முடிவெடுத்திருக்கிறோம், கேஸ் தொடரும், தோழர் தமயந்தி நிற்கவில்லை. சுருக்கமாகத்தான் சொன்னேன்.

வைரவன்தான் முதலில் பேசினான். "அப்ப அண்ணே, எங்களுக்கு எதிரா நீங்க கையத் தூக்கிட்டு வந்திருக்கீக." கோபமாகச் சொல்லவில்லை. நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு அவனே, "என் கேசுக்காகத்தான?" என்றான்.

சிவனம்மாள் அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டே சொன்னார். "பாதி ஒனக்காகடா. மீதி அவுக வீட்டம்மாவுக்காக."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்து, பசிக்குது, வாங்க சாப்பிடலாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். போன முறை டீ மட்டும்தான் கொடுத்தார்கள். இன்று கெண்டை மீன் குழம்பு. வைரவன் என் எதிரில் உட்கார்ந்து, முள் எடுத்து எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே, பாஸ்போர்ட் இன்னும் கொஞ்ச நாள் போனால்தான் என்ன, அந்தாள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் நான் பிளேன் ஏறினால் அங்கே போயும் தூக்கம் வராது என்றான்.

நான் கிளம்பும்போது அக்கா கேட்டார், வேட்புமனு போட இன்னும் நாள் இருக்கிறதா என்று. இரண்டு வாரம் இருக்கிறது என்றேன். "அந்தாளுகூடத்தான மேடை ஏற மாட்டோம்னு சொன்னோம்? அவுக நிக்கக் கூடாதுன்னா சொன்னோம்? தனியா நிக்கச் சொல்லுங்க. இது சேந்தங்குளம் கிளை சொல்லுதுன்னு கமிட்டில சொல்லுங்க."

முதல் விதி இருக்கிறதே என்றேன். "ரெண்டு விதியில ஒண்ணையாச்சும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டோம்ல? இன்னொண்ணக் கொஞ்சம் தளத்தித் தைங்க. தையக்காரருக்கு நான் சொல்லணுமாக்கும்?" என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

தமயந்தி வார்டு வரைபடத்தை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைப்பதைப் பார்த்தேன். ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் ஏதேதோ குறித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "பழைய காயிதம்" என்றாள்.

சிவனம்மாள் அக்கா சொன்னதை நான் குழுவில் சொல்லாமல் விட்டால், அவள் இனி எங்கும் போகப் போவதில்லை. இரண்டு பஸ் மாற வேண்டியதில்லை. காலையில் இட்லியும் சாயங்காலம் பேச்சுத் துணையும் எனக்கு அப்படியே இருக்கும். மூன்றாம் தேதி நான் கை தூக்கிக் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. இருந்தும் இன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சந்தன நிற ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

சேந்தங்குளம் கிளையின் கோரிக்கையை நானே எழுந்து வாசித்தேன். மண் அள்ளியவனோடு மேடை ஏறுவதில்லை என்ற விதி இருக்கட்டும். தேர்தலில் நிற்பதில்லை என்ற விதியை இந்த ஒரு முறை தளர்த்தி, தோழர் தமயந்தியைத் தனியாக நிறுத்துவோம். வாசித்துவிட்டு, இதை நானும் வழிமொழிகிறேன் என்றேன்.

பெரிய கட்சி இல்லாமல் நின்றால் தோற்கலாம் என்று ஒருவர் சொன்னார். தோற்றாலும் நம் பேரில் தோற்போம் என்றார் சூசை அண்ணன். ஒரு விதியில் இன்றைக்குக் கத்தரி வைத்தால் நாளைக்கு எல்லாவற்றையும் வெட்ட மாட்டோமா என்று இன்னொருவர் கேட்டார். அது பயப்பட வேண்டிய விஷயம்தான் என்றேன். அதனால்தான் நோட்டில் எழுதிவைத்து, எல்லாக் கிளைக்கும் போய் விளக்கிக் கேட்க வேண்டும் என்றேன். நான் இவ்வளவு பேசியதை நானே கேட்டதில்லை.

ஆதரித்து எல்லாக் கைகளும் எழுந்ததாகவே தோன்றியது. இந்த முறை நான் கூட்டத்தோடு இருந்தேன்.

எதிர்ப்பவர்கள் என்று சூசை அண்ணன் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். தமயந்தி கை தூக்கினாள்.

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. காரணம் கேட்டார்கள். முதல் விதியை வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை என்று ஆரம்பித்தாள். அதை நன்றாகத்தான் சொன்னாள். பிறகு குரல் தேய்ந்தது. "அப்புறம்... செயலாளர் பாதி நாள் வெளியூர்லயே இருந்தா இங்க எல்லாம் கெட்டுப்போகும். வேளாவேளைக்கு ஒண்ணும் நடக்காது" என்றாள். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நோட்டையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

குழு வேலையில் வேளாவேளைக்கு நடப்பது என்று எதுவுமே கிடையாது. எனக்கு வேளாவேளைக்கு நடப்பது சாப்பாடும் பிரஷர் மாத்திரையும்தான்.

கொள்கைக்காகக் கை தூக்கினாளா, வேறு காரணத்துக்காகவா? சிவனம்மாள் அக்கா என்னைக் கேட்ட கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சூசை அண்ணன் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தோம். "எதுத்தவங்க யாரு? தோழர் தமயந்தி. அப்ப வெளக்கம் சொல்லப் போக வேண்டியது யாரு? விதியத் தளத்துறதால பத்தொம்பது ஊருக்கும் போகணும். போங்கம்மா, ஒவ்வொரு ஊராப் போய், நம்ம எதுக்குத் தனியா நிக்கிறோம்னு வெளக்கிட்டு வாங்க" என்றார்.

வெளியே இதற்குப் பிரச்சாரம் என்று பெயர். எங்கள் வழக்கத்தில் இது விளக்கம். தமயந்தி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எதிர்த்தேன் என்று அவள் அங்கே வாய் திறக்கக் கூடாது. திறக்கவும் வேண்டாம். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, தனக்கு நாற்காலி வேண்டாமென்று கை தூக்கியவள் இவள் என்று பத்தொன்பது ஊருக்கும் தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய பிரச்சாரம் செய்ய எந்தக் கட்சியாலும் முடியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினோம். இயக்கத்தையும் கழற்றினோம். இரண்டு ஜாக்கெட்டையும் அவள் முன்னால் வைத்தேன். விரித்துப் பார்த்தாள். உள்பையில் விரல் விட்டுப் பார்த்தாள்.

"எப்ப வெட்டுனீங்க இதை?"

"நீலம் ஆறாம் தேதி."

நான் கை தூக்கியதற்கு மூன்றாவது நாள். அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 25, திங்கள்

காலை முதல் பஸ்ஸில் சேந்தங்குளம் போனாள், முதல் விளக்கம் அங்கேதான். நீல ஜாக்கெட். ஏறும்போது கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினாள். அக்குளில் இழுக்கவில்லை.

பஸ் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டு பேருக்கே போட்டேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டு பசியோடு வருவாள். அவளுக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைக்கப் போகிறேன்.